காயில்ஓவர் போட்ட காரில் உயரம் செட் செய்வது எப்படி: அளவெடுப்பதில் இருந்து அலைன்மென்ட் வரை

காயில்ஓவர் என்பது உயரத்தை மாற்றும் வசதியுள்ள ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் செட். அதை மாட்டிய கையோடு பலரும் உயரத்தை விரலால் அளந்துவிடுகிறார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா, ஒன்றுதான் போகிறதா, அவ்வளவுதான் கணக்கு. பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உயரம் என்பது உண்மையில் ஒரு பங்கீடு: ஷாக் அப்சார்பர் மேலே அமுங்க எவ்வளவு டிராவல் (நகரும் தூரம்), கீழே விரிய எவ்வளவு டிராவல் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை. இதைச் சரியாகப் பிரித்தால் வண்டி வளைவில் தரையோடு ஒட்டிப் போகும், பள்ளத்தில் இறங்கினாலும் முதுகு தாங்கும். பிரிக்காமல் கீழே இறக்கிவிட்டால் எவ்வளவு காசு போட்டு வாங்கிய காயில்ஓவராக இருந்தாலும் ஷாக் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல் உட்கார்ந்துதான் ஓடும்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்கிறேன், 2010 முதல் 2022 வரை நம் ஊரில் விற்ற அதே போலோ. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டாகச் சக்கரத்தோடு பிணைந்த அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம்). ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய இதேதான் என்பதால் முறையும் இதேதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும், ஸ்ப்ரிங் உட்காரும் தட்டு அந்த மரையில் ஏறி இறங்கும். கேடபிள்யூ வேரியண்ட் 1, 2, 3, பில்ஸ்டைன் பி14 எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகையில் ஸ்ப்ரிங் தட்டு தனி, அடியில் இருக்கும் பிராக்கெட் தனி. அந்த பிராக்கெட்டைத் திருகினால் மொத்த நீளமே கூடும், குறையும். பிசி ரேசிங், டீன் ஃப்ளெக்ஸ் இசட் போன்றவை இப்படி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் சக்கரம் ஒன்றின் மேல் வண்டியின் பாரம் 300 கிலோ, ஸ்ப்ரிங்கின் பலம் ஒரு மி.மீ.க்கு 6 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஸ்ப்ரிங் 50 மி.மீ. அமுங்கியே தீரும், தட்டை எங்கே வைத்தாலும் சரி. தொங்கும் நிலையிலேயே தட்டு ஸ்ப்ரிங்கை 5 மி.மீ. அழுத்திப் பிடித்திருந்தால் (இதைத்தான் ப்ரீலோடு என்கிறார்கள்) ஷாக் மீதி 45 மி.மீ. உள்ளே போய் நிற்கும். ஷாக்கின் மொத்த டிராவல் 120 என்றால் மேலே போக 75 மிச்சம். இப்போது முதல் வகையில் தட்டை 25 மி.மீ. கீழே இறக்குகிறீர்கள். ஷாக் 70 உள்ளே போய் நிற்கிறது, மிச்சம் 50 மட்டும். அதிலும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் நீளம் போக கையில் இருப்பது இன்னும் குறைவு. ஸ்ப்ரிங்கின் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தட்டை ஏற்றினால் ஸ்ப்ரிங் கெட்டியாகிவிடும் என்று பட்டறையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது வகையில் அடி பிராக்கெட்டால் 25 மி.மீ. இறக்கினால் ஷாக்கின் பங்கீடு அப்படியே இருக்கும், மேலே 75 மிச்சம்தான். அதற்கு வேறு ஒரு விலை உண்டு. ஷாக் முழுதாக அமுங்கும்போது டயர் முன்பைவிட 25 மி.மீ. மேலே போகும், அங்கே வீல் ஆர்ச்சின் பிளாஸ்டிக் லைனரும் ஏபிஎஸ் ஒயரும் காத்திருக்கும். ஆகவே இந்த வகையில் ப்ரீலோடை ஒருமுறை வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள், உயரத்தை அடி பிராக்கெட்டில் மட்டும் மாற்றுங்கள். பிராக்கெட்டுக்குள் குறைந்தபட்சம் எவ்வளவு மரை போயிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவைத் தாண்டி மேலே ஏற்றக் கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது.

எவ்வளவு இறக்கலாம்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு கம்பெனி உயரத்தில் இருந்து 25, 30 மி.மீ. போதும். காரணம் அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், உள்பக்கம் வண்டியிலும் வெளிப்பக்கம் சக்கரத்திலும் மாட்டியிருக்கும். கம்பெனி உயரத்தில் அதன் வெளிமுனை உள்முனையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வண்டியை இறக்க இறக்க அது கிடைமட்டத்துக்கு வரும், இன்னும் இறக்கினால் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். மெக்ஃபெர்சன் அமைப்பில் இதுதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கிவிடும், விளைவாக வளைவில் வண்டி குறைவாகச் சாய்வதற்குப் பதில் கூடுதலாகச் சாயப் பார்க்கும். அமுங்கும்போது கிடைக்கும் நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது) குறைந்துகொண்டே போகும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் மாறிவிடுவதால், நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் இழுக்கும். எனவே ஆர்ம் கிடைமட்டத்தைத் தொடும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தினால் இன்னும் நல்லது.

அப்புறம் ஸ்பீடு பிரேக்கர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதியின் 1988 பதிப்புப்படி ஒரு ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். போலோவின் வீல்பேஸ் சுமார் 2.47 மீட்டர். அப்படிப்பட்ட மேட்டின் மேல் வண்டி நடுவாக நின்றால் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், வண்டியின் வயிற்றுக்கு அடியில் மேடு முட்டிக்கொண்டு வருவது வெறும் 45 மி.மீ.தான். விதிப்படி கட்டிய பிரேக்கரில் இறக்கிய வண்டிகூடச் சுகமாகத் தாண்டிவிடும். தொல்லை தருவது தெருமுனையில் ஒரு சட்டி தாரைக் கொட்டிக் குறுகலாகக் கட்டிய மேடுகள்தான். அங்கே முன் சக்கரம் இறங்கிய பிறகும் மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும். உங்கள் தெருவில் இருப்பதில் மோசமான மேட்டை டேப் வைத்து அளந்துவிட்டு, அதோடு 25 மி.மீ.யாவது கூட்டி, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கு அந்த உயரம் கிடைக்கும்படி எல்லை வையுங்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் அளவு

ஒரு ஸ்பேனரையும் தொடுவதற்கு முன் அளவெடுங்கள். டயர்களில் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், டிக்கியில் எப்போதும் இருக்கும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் அதனதன் இடத்தில். தரை சமமாக இருக்க வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் ஒன்று இருந்தால் நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம், தாழ்ந்த இடத்தில் தரை டைல்ஸ் வைத்து ஈடுகட்டலாம்.

அளக்க வேண்டியது தரையில் இருந்து அல்ல. சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. தரையில் இருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். நான்கு மூலைக்கும் எழுதி வையுங்கள். கூடவே அடியில் ஜாக்கி வைக்கும் விளிம்பில் இருந்து தரை வரை நான்கு இடத்திலும் ஒரு அளவு. ஏனென்றால் எப்போதோ இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டியில் மட்கார்டு விளிம்பே 4, 5 மி.மீ. மாறியிருக்கும், அதை நம்பி ஸ்ப்ரிங்கைத் திருகினால் நேராக இருக்கும் வண்டியைக் கோணலாக்குவீர்கள். இரண்டு அளவும் ஒரே கதையைச் சொன்னால் மட்டும் மட்கார்டை நம்புங்கள். முன் ஆர்ச்சும் பின் ஆர்ச்சும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை அல்ல என்பதால் முன்னும் பின்னும் ஒரே இடைவெளி வந்தால் வண்டி மட்டமாக நிற்கிறது என்று பொருளும் இல்லை.

திருகும் வேலை

கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் அந்தப் பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும், தட்டு திரும்பாது. ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

இனி மரை. இதில் நேரம் செலவழியுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய் அல்லது துருநீக்கும் ஸ்ப்ரே, இவற்றைக் கொண்டு தட்டு போக வேண்டிய திசையில் உள்ள மரையை முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான தட்டுகள் அலுமினியம். மரையின் பள்ளத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்தாலும் பாரத்தோடு திருப்பும்போது அது அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வரும். வெள்ளிப் பொடி மாதிரி ஏதாவது மரையில் தெரிந்தால் உடனே நிறுத்தி, எதிர்த்திசையில் ஒரு சுற்று விட்டு, மறுபடி துடைத்து எண்ணெய் விடுங்கள். கம்பி பிரஷ்ஷை எஃகு மரையில் மட்டும் மெதுவாகப் பயன்படுத்தலாம், பூச்சு உள்ள மரையில் வேண்டாம்.

சி ஸ்பேனர் இரண்டு வேண்டும். ஒன்று தட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றொன்று அதைப் பூட்டி வைத்திருக்கும் லாக் நட்டை இளக்க. இளக்கியதும் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு, ஷாக் உடம்பில் அதற்கு நேராக ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று பெரும்பாலும் 2 மி.மீ., சிலவற்றில் 1.5. ஐந்து சுற்று திருப்பிவிட்டு இரும்பு ஸ்கேலால் அளந்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். தட்டின் அடிப்பக்கத்தில் இருந்து ஷாக்கில் ஏதாவது மாறாத ஓர் இடம் வரை அளந்து இடமும் வலமும் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

தட்டை 10 மி.மீ. இறக்கினால் வண்டி 10 மி.மீ. இறங்குமா? மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் கிட்டத்தட்ட ஆமாம், ஸ்ட்ரட் சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால். டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள) வண்டியில் ஷாக் ஆர்மின் நடுவில் எங்கோ மாட்டியிருக்கும். அங்கே ஸ்ப்ரிங் 0.65 பங்கு நகர்ந்தால் சக்கரம் 1 பங்கு நகரும் என்றால், தட்டில் 10 மி.மீ. மாற்றியதும் வண்டி 15 மி.மீ. மாறும்.

போலோவின் பின்பக்கத்தில் ஷாக் தனி, ஸ்ப்ரிங் தனி. ஸ்ப்ரிங்கின் மேலோ கீழோ மரை வைத்த அட்ஜஸ்டர் ஒன்று இருக்கும். பீமுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஷாக்கின் அடி போல்ட்டை எடுத்து, மெதுவாக இறக்கினால் ஸ்ப்ரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாத அளவுக்கு மட்டும் இறக்குங்கள். மாட்டிய பிறகு சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்ப்ரிங்கை கையால் ஆட்டிப் பாருங்கள். லூசாக இருந்து இடத்தைவிட்டு நகர்கிறது என்றால் அந்த உயரம் உங்கள் ஸ்ப்ரிங்குக்குப் பொருந்தவில்லை. ஒன்று உயர்த்துங்கள் அல்லது இடைவெளியை நிரப்பும் சின்ன ஹெல்பர் ஸ்ப்ரிங் போடுங்கள். அப்படியே விட்டால் ஒரு நாள் பெரிய பள்ளத்தில் ஸ்ப்ரிங் தட்டைவிட்டு விலகி உட்காரும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும் முன் டயரின் உள்பக்கத்துக்கும் ஸ்ப்ரிங் தட்டுக்கும் இடையில் சுண்டுவிரல் கனமாவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள், அகலமான அலாய் போட்டவர்கள் கட்டாயம் பாருங்கள்.

இறக்கியதும் அளக்காதீர்கள்

ஜாக்கியை இறக்கிய நிமிடத்தில் வண்டி உயரமாகத்தான் நிற்கும். தொங்கும்போது சக்கரங்கள் உள்வாங்கி இருக்கும், தரையில் இறங்கும்போது அவை வெளிப்பக்கம் நகர வேண்டும், ரப்பர் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நகரவிடாது. வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, நான்கு மூலையையும் அமுக்கிவிட்டு அப்புறம் அளங்கள். இடமில்லாதவர்கள் இரண்டு வழவழப்பான டைல்ஸுக்கு நடுவில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு ஜோடி வைத்து இறக்கினால் அதுவே வழுக்கிச் சரியாகிக்கொள்ளும்.

டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டையோ ஆளோ இருக்கட்டும். இடமும் வலமும் 3 மி.மீ.க்குள் வந்தால் நல்ல வேலை. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5 முதல் 10 மி.மீ. தாழ்ந்து நிற்பது நல்லது. இந்த முன் பின் வித்தியாசத்தை மட்கார்டில் பார்க்காமல் ஜாக்கி விளிம்பில் பாருங்கள். எது சரியில்லையோ அதைத் திரும்பத் தூக்கி மாற்றி, திரும்ப ஓட்டி, திரும்ப அளக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

இனி ஆர்மும் பீமும் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ். இதைப் பல பட்டறைகளில் செய்வதே இல்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷும் டார்ஷன் பீம் புஷ்ஷும் போல்ட் இறுகிய நிலையைத்தான் தங்கள் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும், அதில் இருந்து முறுக்கித்தான் அசையும். பழைய உயரத்தில் இறுகிய போல்ட்டை அப்படியே விட்டு வண்டியை 30 மி.மீ. இறக்கினால் புஷ் 24 மணி நேரமும் முறுக்கியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும், வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அதனால் வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது, பிட்டிலோ ராம்ப்பிலோ ஏற்றி, அந்தப் போல்ட்களை இளக்கி, வண்டியை அமுக்கி விட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு முடுக்குங்கள். ஒருமுறை முடுக்கினால் தூக்கிப் போட வேண்டிய போல்ட் சில உண்டு, அவற்றைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டி ரோல் பார் லிங்க் ராடும் அதே உயரத்தில்தான் இறுக வேண்டும்.

டிராவல் மிச்சம் இருக்கிறதா?

ஷாக் ராடின் தூசி ரப்பரை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று தெரியும் ராடில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டையைக் கட்டி, ஷாக் உடம்பின் தலையைத் தொடும்வரை கீழே தள்ளுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக் அமுங்கியபோதெல்லாம் டை மேலே ஏறியிருக்கும், இறங்கியிருக்காது. டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் 15, 20 மி.மீ. இருந்தால் நிம்மதி. டை பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நசுங்கி இருந்தால் உயரம் போதாது, முன்பக்கத்தை நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் டேம்பிங் கிளிக்கைக் கூட்டி இதைச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கிளிக் எல்லாம் உயரமும் அலைன்மென்ட்டும் முடிந்த பிறகுதான். ராட் கண்ணுக்குத் தெரியாத தலைகீழ் மோனோட்யூப் வகையில் மட்டும் இந்தச் சோதனை செய்ய முடியாது.

நான்கு மூலை எடை

கோவை செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக்கிலோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ ஓட்டுகிறவர்களுக்கு இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்து, டிரைவர் எடையோடு பார்த்தால் இப்படி வருகிறது என்று வையுங்கள்: முன் இடம் 300, முன் வலம் 340, பின் இடம் 180, பின் வலம் 180. மொத்தம் 1,000 கிலோ. குறுக்காகக் கூட்டுங்கள், முன் வலமும் பின் இடமும் சேர்ந்து 520, அதாவது 52 சதவீதம். இது 50க்கு அருகில் இருந்தால்தான் இடது வளைவிலும் வலது வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஒரு மூலையை ஏற்றினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். ஆகவே முன் இடத்தையும் பின் வலத்தையும் அரைச் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறக்குங்கள், சராசரி உயரம் மாறாது. வேலை முடியும்வரை ஆன்டி ரோல் பாரின் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். முன்பக்க மொத்தம், இடப்பக்க மொத்தம் இரண்டும் ஸ்ப்ரிங்கைத் திருகுவதால் மாறாது, அதற்கு பேட்டரியையோ சீட்டையோதான் நகர்த்த வேண்டும்.

அலைன்மென்ட், லைட், பதிவு

உயரம் இறுதியானதும், லாக் நட்டை முடுக்கிவிட்டு, அன்றைக்கே அலைன்மென்ட். உயரம் மாறினால் டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் மாறும், டோ கெட்டால் டயரின் உள்விளிம்பு சில மாதத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடும். அலைன்மென்ட்டுக்குப் பிறகு உயரத்தைத் தொட்டால் மறுபடி அலைன்மென்ட் செய்ய வேண்டும். போலோவின் பின் பீமில் டோவுக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அங்கே வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டையும் பாருங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான வித்தியாசம் 10 மி.மீ. மாறினால், 2.47 மீட்டர் வீல்பேஸில், 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 10 செ.மீ. ஏறியோ இறங்கியோ விழும். பின்பக்கம் அதிகம் இறங்கினால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு இந்தப் பேச்சு எழுந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புது ஸ்ப்ரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மி.மீ. இறங்கி உட்காரும். அப்போது நான்கு மூலையும் ஒருமுறை அளந்து, லாக் நட்டும் ஸ்ட்ரட் போல்ட்டும் இளகவில்லை என்று பார்த்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம், குறிப்பாக ஈசிஆரில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஐப்பசி மழை தொடங்கும் முன் மரையைக் கழுவிக் காயவைத்து மெழுகு ஸ்ப்ரே அடித்து வையுங்கள், மழை முடிந்ததும் லாக் நட்டைக் கால் சுற்று இளக்கிப் பார்த்து, சுலபமாக அசைகிறது என்று தெரிந்த பிறகு திரும்ப முடுக்கிவிடுங்கள்.